முழங்கால், முழங்கைப் பக்கவாட்டுத் தசைநார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயன்முறை சிகிச்சைக்கு வருகிறவர்கள் கட்டிலில் படுத்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவை. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டவை, ஸ்கேன் அறிக்கையை வீட்டில் பிரித்துப் படித்தபோது எழுந்தவை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுப் பயந்தவை என எல்லாம் அவற்றில் உண்டு. முழங்காலிலும் முழங்கையிலும் மூட்டின் இரு பக்கங்களையும் தாங்கிப் பிடிக்கும் தசைநார்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டுத் தாமே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார்கள். ஜவ்வு என்றால் எது?

நம் பேச்சில் ஜவ்வு என்ற ஒரே சொல் மூட்டில் இருக்கும் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார்ப்பட்டையும் ஜவ்வுதான். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸும் ஜவ்வுதான். எலும்பின் நுனியை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு வயதாகித் தேயும்போதும் ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்றே சொல்கிறோம். இவற்றில் எது பழுதானது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் குணமாகும் காலமும் அடியோடு மாறுகின்றன. ஆகவே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சொன்னவரிடம் ‘எந்த ஜவ்வு?’ என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இந்தப் பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டுவதைத் தசைநார் என்றும், தசையை எலும்போடு கட்டுவதைத் தசைநாண் என்றும் எழுதுகிறேன். முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு. மூட்டின் நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்காகச் செல்லும் சிலுவைத் தசைநார்கள் இரண்டு. ஸ்கேன் அறிக்கையில் ஏசிஎல், பிசிஎல் என்று இருப்பவை அவை. பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் பக்கவாட்டுத் தசைநார்கள் மற்ற இரண்டு. எம்சிஎல் என்பது உட்பக்கத்தில், அதாவது மற்ற முழங்காலைப் பார்த்த பக்கத்தில் இருப்பது. எல்சிஎல் என்பது வெளிப்பக்கத்தில் இருப்பது.

அவை சரியாக எங்கே இருக்கின்றன? தொட்டுப் பார்க்க முடியுமா?

வெளிப்பக்கத்தில் இருப்பதை எளிதாகத் தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலின் கணுக்காலைத் தூக்கி மற்றத் தொடையின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்த காலின் முழங்கால் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, உருண்டையாக ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அது ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் தலை. அங்கிருந்து தொடையெலும்பை நோக்கி விரலைக் குறுக்காக உருட்டினால், பென்சில் பருமனில் விறைத்து நிற்கும் ஒரு கயிறு விரலுக்கடியில் உருளும். அதுதான் எல்சிஎல். அதற்கும் வெளிப்பக்க மெனிஸ்கஸுக்கும் ஒட்டுதல் இல்லை. இரண்டுக்கும் இடையே வேறொரு தசைநாண் ஓடுகிறது.

உட்பக்கத்தில் இருப்பது கயிறு அல்ல, அகன்ற தட்டையான பட்டை. ஆகவே விரலுக்கு அவ்வளவு தெளிவாகப் பிடிபடாது. தொடையெலும்பின் உட்பக்க முண்டில் தொடங்கி, மூட்டு இடுக்கைத் தாண்டி, அதற்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே கீழ்க்கால் எலும்பில் போய்ச் சேரும் இந்தப் பட்டையின் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். இதற்கு அடியில் இன்னொரு மெல்லிய அடுக்கு உண்டு. அது மூட்டு உறையோடும் உட்பக்க மெனிஸ்கஸோடும் ஒட்டியே இருக்கிறது. உட்பக்கத்தில் அடிபட்டால் மருத்துவர் மெனிஸ்கஸையும் சேர்த்துச் சந்தேகிப்பது அதனால்தான்.

முழங்கையிலும் இதே அமைப்புதானா?

பெயர் ஒன்று, வேலை முறை வேறு. முழங்காலில் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன. நார்கள் இல்லாவிட்டால் நிற்காது. முழங்கையில் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான உல்னா, மேற்கை எலும்பைக் கொக்கிபோல் கவ்விக்கொண்டிருக்கிறது. கையை ஏறக்குறைய முழுக்க நீட்டியிருக்கும்போதும் நன்றாக மடக்கியிருக்கும்போதும் அந்த எலும்புப் பொருத்தமே பெருமளவு தாங்கிவிடும். இடைப்பட்ட நிலையில், தோராயமாக 30 பாகையிலிருந்து 120 பாகை வரை மடங்கியிருக்கும்போது, முன்கை வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளாமல் பிடிப்பது உட்பக்கத் தசைநாரின் முன்கற்றைதான். பந்தையோ ஈட்டியையோ எறியும் கை அந்த இடைப்பட்ட நிலையில்தான் முழு விசையையும் வாங்குகிறது.

அந்த உட்பக்கத் தசைநாரில் முன்கற்றை, பின்கற்றை, குறுக்குக் கற்றை என்று மூன்று உண்டு. சுமை தாங்குவது முன்கற்றைதான், மற்ற இரண்டின் பங்கு சிறிது. அதற்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் உல்னார் நரம்பு ஓடுகிறது. மேசை விளிம்பில் முழங்கை இடித்துச் சுண்டுவிரல் வரை ஷாக் அடித்தது போலிருக்குமே, அந்த நரம்பு. வெளிப்பக்கத்தில் ஒரே பட்டையாக இல்லாமல் பல நார்கள் சேர்ந்த ஒரு தொகுதி இருக்கிறது. அதில் ஒன்று, முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் தலையை மோதிரம்போல் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று அதன் பின்புறமாக இறங்கி உல்னாவில் சேர்ந்து, முன்கை பின்பக்கமாகச் சுழன்று கழன்றுவிடாமல் தாங்கும்.

எப்படி அடிபட்டால் இவை கிழியும்?

உட்பக்க முழங்கால் தசைநாருக்கு ஆபத்து வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது. கபடியில் ரெய்டர் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பும் அதே நொடியில், தடுப்பாளர் ஒருவர் முழங்காலின் வெளிப்பக்கத்தில் உடம்போடு மோதுகிறார். ஊன்றிய பாதம் நகராது. முழங்கால் உள்நோக்கி ஒடிவது போல் வளையும். உட்பக்கப் பட்டை இழுபட்டுக் கிழியும். ஷூ அணிந்து மேட் என்னும் விரிப்பில் ஆடும்போது பாதம் மண் தரையில் வழுக்குவது போல் வழுக்கிக் கொடுக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். மோதலே இல்லாமலும் இது நடக்கும்: இருசக்கர வாகனம் சறுக்கும்போது சட்டென்று காலை ஊன்றி, வண்டியின் எடை அந்தக் காலின்மேல் சாய்ந்தவர்களை நான் விளையாட்டு வீரர்களுக்குக் குறையாமல் பார்க்கிறேன்.

வெளிப்பக்கத் தசைநார் கிழிய வேண்டுமானால் அடி உட்பக்கத்திலிருந்து வர வேண்டும். மற்றக் கால் அங்கே காவலாக நிற்பதால் அது அரிது. முழங்கையில் இரண்டு வழிகள். ஒன்று, கையை ஊன்றி விழுந்து ஒரே நொடியில் கிழிவது. மற்றது, பல்லாயிரம் முறை எறிந்து எறிந்து நார் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோவது.

அடிபட்ட அன்றைக்கு வீங்கவே இல்லை. அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. உட்பக்கப் பக்கவாட்டுத் தசைநார் மூட்டு உறைக்கு வெளியே இருக்கிறது. அது மட்டும் கிழிந்தால் இரத்தம் தோலுக்கடியில் பரவி, இரண்டொரு நாளில் உட்பக்கத்தில் கன்றிப்போய் நீலம் பூக்குமே தவிர, முழங்கால் பந்துபோல் உப்பாது. மாறாக, அடிபட்ட சில மணி நேரத்துக்குள் மூட்டு முழுதும் திரண்டு இறுகி வீங்கினால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். சிலுவைத் தசைநார் கிழிவையோ எலும்பு முறிவையோ அப்போது முதலில் தேட வேண்டும்.

வீக்கத்தைவிட அவசரமான அறிகுறிகள் வேறு. பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்குவது, பாதம் மரத்துப்போவது, பாதம் குளிர்ந்து வெளிறுவது, மூட்டு ஒருமுறை இடம் மாறித் தானே திரும்பியது போன்ற உணர்வு ஆகிய எது இருந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய இரத்தக் குழாய் பழுதாகியிருந்தால் காலைக் காப்பாற்றுவதற்கு இருக்கும் நேரம் சில மணிகளே.

டாக்டர் காலைப் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தார். கிழிந்த இடத்தை அது இன்னும் கிழித்துவிடாதா?

முறையாகச் செய்தால் கிழிக்காது. இந்தக் காயத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கைப்பரிசோதனையைப் போல் எளிதானது வேறில்லை. ஒரு கையை முழங்காலின் வெளிப்பக்கத்தில் வைத்து, மற்றக் கையால் கணுக்காலை மெல்ல வெளியே தள்ளி, உட்பக்க இடுக்கு எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பார்கள். முதலில் நல்ல காலில் செய்வது வழக்கம், ஏனென்றால் சிலருக்கு இயல்பாகவே மூட்டு தளர்வாக இருக்கும்.

இதை இரண்டு நிலைகளில் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் நுட்பம். முழங்காலை 30 பாகை மடக்கினால் மற்றத் தாங்கல்கள் தளர்ந்து சுமை பெரும்பாலும் பக்கவாட்டுத் தசைநாரின்மேல் விழும். அப்போது மட்டும் திறந்தால் காயம் அந்தத் தசைநாரில்தான். காலை நேராக நீட்டியிருக்கும்போதும் திறந்தால், பின்புற உறையோ சிலுவைத் தசைநாரோ சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது விடையை ஸ்கேன் படம் பல நேரங்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எனக்கு மூன்றாம் நிலைக் கிழிவு என்கிறார்கள். நண்பனுக்கு இரண்டாம் நிலை. ஆனால் அவனுக்குத்தான் வலி அதிகம். அறிக்கை மாறிவிட்டதா?

மாறவில்லை. முதல் நிலையில் நார்கள் இழுபட்டிருக்கும், மூட்டு தளர்ந்திருக்காது. இரண்டாம் நிலையில் ஒரு பகுதி கிழிந்திருக்கும். முன் பதிலில் சொன்ன பரிசோதனையில் இடுக்கு கூடுதலாக 5 முதல் 10 மில்லிமீட்டர் திறக்கும், ஆனால் ஒரு கட்டத்தில் கயிறு இழுத்து நிறுத்தியது போல் நிற்கும். மூன்றாம் நிலையில் முழுதும் அறுந்திருக்கும். 10 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும், எங்கே நிற்கிறது என்றே கைக்குத் தெரியாது. பாதி அறுந்த கயிற்றில் மீதமுள்ள இழைகள் ஒவ்வோர் அசைவிலும் இழுபட்டு வலிக்கும். முழுதும் அறுந்ததில் இழுபட எதுவும் இல்லை. வலி குறைவாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே மைதானத்தில் இறங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு.

எக்ஸ்ரே போதுமா, எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டுமா?

எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது; எலும்பு தெரியும். அடிபட்டவரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்றாலோ, நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியாவிட்டாலோ, முழங்காலை 90 பாகை மடக்க முடியாவிட்டாலோ, ஃபிபுலாவின் தலையில் தொட்டால் வலித்தாலோ, மற்ற இடங்களில் வலிக்காமல் முழங்கால் சில்லில் மட்டும் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் விதி. கைப்பரிசோதனையில் முதல் நிலைக் காயம் என்று தெளிவாகத் தெரிந்தால் எம்ஆர்ஐ பெரும்பாலும் தேவைப்படாது. நேராக நீட்டிய நிலையிலும் மூட்டு திறக்கிறது, மூட்டுக்குள் இரத்தம் சேர்ந்திருக்கிறது, வெளிப்பக்கத்தில் காயம், எதிர்பார்த்தபடி குணமாகவில்லை என்ற நிலைகளில் எம்ஆர்ஐ அதன் செலவுக்குத் தகுந்த பயனைத் தரும்.

ஏசிஎல் கிழிந்த என் அண்ணனுக்கு ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு எம்சிஎல் முழுதும் கிழிந்தும் வேண்டாம் என்கிறார்கள். ஏன்?

இரண்டும் இருக்கும் இடம் வேறு என்பதால். ஏசிஎல் என்னும் முன்புறச் சிலுவைத் தசைநார் மூட்டுத் திரவத்துக்கு நடுவே இருக்கிறது. அறுந்த இரு முனைகளுக்கும் இடையே பாலம்போல் உறைந்து நிற்க வேண்டிய இரத்தம் அந்தத் திரவத்தில் நிலைப்பதில்லை. உட்பக்கப் பக்கவாட்டுத் தசைநாரோ மூட்டுக்கு வெளியே, நல்ல இரத்த ஓட்டமுள்ள திசுக்களுக்கு நடுவே, தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. அறுந்த முனைகள் அதிகம் விலகுவதில்லை. பக்கவாட்டில் வளையாதபடி ஒரு பிரேஸ் போட்டு, மடக்கி நீட்டும் அசைவை மட்டும் அனுமதித்தால், மூன்றாம் நிலைக் கிழிவும் பெரும்பாலோருக்குத் தானே கூடிவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. கீழ்முனையில் அறுந்த பட்டை சுருண்டு, அருகிலுள்ள தசைநாண்களுக்கு மேலே ஏறிக்கொண்டால் எலும்பை மறுபடி தொட முடியாது. அதற்குக் கத்தி தேவை. எலும்புத் துண்டோடு பிய்ந்து வந்திருந்தாலும், பல தசைநார்கள் ஒன்றாக அறுந்திருந்தாலும் அப்படியே. ஏசிஎல்லும் எம்சிஎல்லும் சேர்ந்து கிழிந்தவர்களுக்கு முதலில் பிரேஸில் உட்பக்கத்தைக் கூடவிட்டு, மூட்டு தாராளமாக அசையத் தொடங்கிய பிறகு ஏசிஎல்லை மட்டும் மறுசீரமைப்பதைப் பல அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

எனக்கு வெளிப்பக்கத்தில் கிழிவு. மேலே சொன்னது எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது, உட்பக்கத்துக்குச் சொன்ன ஆறுதலை வெளிப்பக்கத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது. எல்சிஎல் தனியாகக் கிழிவது குறைவு. அதோடு பின்வெளி மூலையிலுள்ள மற்றத் தாங்கல்களும் சிலுவைத் தசைநார்களில் ஒன்றும் சேர்ந்து போயிருப்பதே அதிகம். நாம் தொட்டுப் பார்த்த அந்த ஃபிபுலா தலைக்குச் சற்றுக் கீழே, பாதத்தைத் தூக்கும் நரம்பு எலும்பைச் சுற்றி ஓடுகிறது. அடிபட்டவுடன் பாதத்தைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். மேலும், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் வெளிப்பக்கம் இழுபடுவதால், முழுதும் அறுந்த நார் தானே கூடும் வாய்ப்பு குறைவு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வதே எளிது. பிறகு தழும்பு படர்ந்து திசுக்களைப் பிரித்தறிவது கடினமாகிவிடும். ஆகவே வெளிப்பக்கக் காயத்தை ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவி, நாட்டுக் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கட்டு என்பது அசைவைக் குறைக்கும் தாங்கல். அந்த அளவில் அது முதல் நிலைக் காயத்துக்குக் கெடுதல் இல்லை. முதல் நிலைக் காயம் எந்தக் கட்டும் இல்லாமலே ஆறும் என்பதையும் மறக்கக் கூடாது. கட்டுப் போட்டவர்கள் பெயர் வாங்குவது அதனால்தான். கெடுதல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, எது கிழிந்தது என்று பாராமல் கட்டுவது. வெளிப்பக்கக் காயத்துக்கு உகந்த அந்த முதல் வாரங்கள் இப்படித்தான் கைநழுவுகின்றன. மற்றது, புதுக் காயத்தை அழுத்தி நீவுவது.

முழங்கையில் நீவுவதை நான் அறவே வேண்டாம் என்பேன். முழங்கை பிசகிச் சரிசெய்யப்பட்ட ஓர் இளைஞர், நீட்ட முடியவில்லையே என்று தினமும் சூடான எண்ணெயில் வலுவாக நீவி இழுத்துவிட்டுக்கொண்டார். ஆறாவது வாரம் என்னிடம் வந்தபோது கை பாதி மடங்கிய நிலையில் மரக்கட்டைபோல் நின்றது. எக்ஸ்ரேயில் தசைக்குள் புதிதாக எலும்பு படிந்திருந்தது. அடிபட்ட முழங்கையில் இப்படி எலும்பு வளரும் இயல்பு உண்டு. வலிய இழுப்பதும் நீவுவதும் அதைத் தூண்டக்கூடும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், ஓய்வு, காலைச் சற்று உயர்த்தி வைத்தல், இவை போதும்.

மெடிக்கலில் விற்கும் நீ கேப் (முழங்கால் உறை) போட்டுக்கொண்டால் போதாதா?

முதல் நிலைக்குப் போதும். வெதுவெதுப்பும் ஒரு தைரியமும் கிடைக்கும். ஆனால் அந்த நெகிழ்துணி பக்கவாட்டு வளைவைத் தடுக்காது. இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு இரு பக்கமும் உலோகப் பட்டியும் கீலும் வைத்த பிரேஸ் வேண்டும். முழு மாவுக்கட்டும் நல்ல வழி அல்ல. அசையாமல் வைத்த தசைநாரைவிட, பாதுகாப்பாக அசையவிட்ட தசைநாரில் புதிய இழைகள் இழுவிசையின் திசையிலேயே அடுக்கப்பட்டு வலுவாகின்றன.

எத்தனை நாளில் பழையபடி ஆட முடியும்?

உட்பக்க முழங்காலுக்குத் தோராயமான கணக்கு: முதல் நிலைக்கு ஒன்று முதல் மூன்று வாரம், இரண்டாம் நிலைக்கு நான்கு முதல் ஆறு வாரம், மூன்றாம் நிலைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். நாள்காட்டியைவிட மூட்டையே கேட்பது மேல். பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தால் வலி இல்லை, முழுதும் மடக்கி நீட்ட முடிகிறது, தொடைத் தசையின் வலு மறுகாலின் வலுவில் பத்தில் ஒன்பது பங்காவது வந்துவிட்டது, ஒற்றைக் காலில் தாவி இறங்க முடிகிறது, ஓடியபடி சட்டென்று திரும்ப முடிகிறது என்ற ஐந்தும் தேறிய பிறகே கபடி விரிப்புக்குத் திரும்ப வேண்டும்.

பல தசைநார்கள் ஒன்றாக அறுந்தால் கணக்கு மாதங்களில் வரும். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்துக்கு 2023 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் மீண்டும் போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில்.

சம்மணம் போட்டு உட்காரலாமா? இந்தியன் டாய்லெட் பயன்படுத்தலாமா?

எந்தப் பக்கம் அடிபட்டது என்பதைப் பொறுத்தது. சம்மணம் போடும்போது இழுபடுவது முழங்காலின் வெளிப்பக்கம். மேலே எல்சிஎல்லைத் தொட்டுப் பார்க்கக் காலை வைத்த நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே வெளிப்பக்கக் காயம் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை சம்மணத்தைத் தவிர்க்க வேண்டும். உட்பக்கக் காயத்தில் சம்மணத்தைவிடத் தொல்லை தருவது ஆழமாகக் குந்துவதும், குந்திய நிலையிலிருந்து முழங்காலை உள்ளே சாய்த்துத் திருகியபடி எழுவதும்தான். சில வாரங்களுக்கு உயரமான இருக்கையே நல்லது. நீந்துகிறவர்கள் தவளை நீச்சலை விட்டுவிட வேண்டும். அந்த உதை உட்பக்கத் தசைநாரை நேரடியாக இழுக்கிறது. காயமே இல்லாத நீச்சல் வீரர்களுக்கும் அதனால் உட்பக்க வலி வருவதுண்டு.

டாமி ஜான் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். அது முழங்கையில் எதைச் செய்கிறது?

டாமி ஜான் அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் இடக்கை எறிவீரர். 1974 ஜூலையில் ஆட்டத்தின் நடுவே அவருடைய உட்பக்க முழங்கைத் தசைநார் அறுந்தது. அதுவரை அந்தக் காயம் என்றால் எறிவீரரின் ஆட்டம் முடிந்தது என்றே பொருள். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று ஃபிராங்க் ஜோப் என்ற அறுவை மருத்துவர், அவருடைய மறுகையின் முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு அதைக் கோத்துப் புதுத் தசைநாராகக் கட்டினார். 1976இல் களத்துக்குத் திரும்பிய டாமி ஜான் 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை.

எடுத்துவிட்டால் கைக்குக் குறை வராதா என்று கேட்பீர்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு புடைத்தால் அதுதான் அந்தத் தசைநாண். பலருக்குப் பிறவியிலேயே அது கிடையாது, அவர்கள் எதையும் இழந்ததாக உணர்வதும் இல்லை. திரும்பிப் போட்டியில் எறிய 12 முதல் 18 மாதம் ஆகும். இந்த ஆபரேஷன் செய்தால் முன்னைவிட வேகம் கூடும் என்று நம்பி, நல்ல கைக்கே செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. புதிய நார் பழைய நாரைவிட வேகமாக எறியாது.

என் மகன் ஃபாஸ்ட் பவுலர். அவனுக்கும் இந்தக் காயம் வருமா?

பந்துவீச்சால் வருவது குறைவு. விதிப்படி பந்துவீசும் கையை முழங்கையில் 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது என்பதால், மடங்கிய முழங்கையைச் சாட்டைபோல் சொடுக்கும் விசை அங்கே இல்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பும் முதுகும்தான் முதலில் கவலை தர வேண்டியவை. எல்லைக் கோட்டிலிருந்து பலமாக எறியும் ஃபீல்டருக்கும் ஈட்டி எறிபவருக்கும் முழங்கைக் காயம் வரலாம். ஈட்டி எறிபவர்களிடம் இது மருத்துவ உலகில் 1946இலேயே பதிவாகியிருக்கிறது. எறியும்போது உட்பக்கத்தில் சுருக்கென்று வலி, எறிதூரம் குறைவது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது ஆகியவை எச்சரிக்கைகள். எறிவதை அன்றே நிறுத்த வேண்டும். முழங்கால் போலன்றி இங்கே பாதி கிழிந்த நாரோடு அன்றாட வாழ்க்கையைச் சிரமமின்றி நடத்திவிடலாம், எறிய மட்டும்தான் முடியாது. அறுவை சிகிச்சை தேவையா என்பது அதனால் அவர் மீண்டும் எறியப் போகிறாரா என்ற கேள்வியைச் சார்ந்தது.

கையை ஊன்றி விழுந்து முழங்கை பிசகி, ஏற்றி வைத்தார்கள். இப்போது நாற்காலியில் கையை ஊன்றி எழுந்தால் கழல்வது போலிருக்கிறது.

அப்படியே இந்தச் சொற்களில் மருத்துவரிடம் சொல்லுங்கள். முழங்கை பிசகும்போது கிழிவு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்நோக்கிப் பரவுகிறது. வெளிப்பக்கத் தொகுதியில் உல்னாவுக்கு இறங்கும் நார் சரியாகக் கூடாவிட்டால், உடல் எடையைக் கையில் தாங்கும்போது முன்கை பின்பக்கமாகச் சுழன்று நழுவப் பார்க்கும். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுவது இதைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனைகளில் ஒன்று. வெளிப்பக்க வலி என்றதும் டென்னிஸ் எல்போ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது தசைநாண் கோளாறு. பாத்திரம் பிடித்தால், துணி பிழிந்தால் வலிக்கும், ஆனால் மூட்டு கழல்வது போலிருக்காது.

எலும்பு முறிவு இல்லாத சாதாரணப் பிசகலில் கட்டை நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் அசையாமல் வைத்த முழங்கை விறைத்துப்போகும். கழல்வதைவிட விறைப்பே முழங்கைக்கு அதிகம் வரும் தொல்லை.

குழந்தைகளுக்கும் இப்படித் தசைநார் கிழியுமா?

வளரும் வயதில் எலும்பின் நுனியருகே உள்ள வளர்ச்சித் தட்டு தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குத் தசைநார் அறும் அதே அடியில் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு பிளக்கும். முழங்கையில் உட்பக்க முண்டு எலும்போடு பிய்ந்து வரும். ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘ஜவ்வு இழுத்துக்கொண்டது’ என்று எக்ஸ்ரே இல்லாமல் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கியபின் அது அழுது கையைத் தொங்கவிட்டால் கதை வேறு. ரேடியஸ் தலையைச் சுற்றியுள்ள மோதிர நாருக்கு அடியிலிருந்து எலும்பு சற்று நழுவியிருக்கும். மருத்துவர் ஒரு திருப்பலில் சரிசெய்துவிடுவார். சில நிமிடங்களில் குழந்தை அந்தக் கையை நீட்டி மிட்டாய் வாங்கும். இரண்டு கைகளையும் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவதை அந்த வயது தாண்டும்வரை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. உட்பக்கத்தில் இன்னும் உறுத்துகிறது. தசைநார் சரியாகக் கூடவில்லையா?

மூட்டு பக்கவாட்டில் திறக்கவில்லை என்றால் தசைநார் கூடிவிட்டது. உறுத்துவது வேறொன்றாக இருக்கலாம். வலிக்கும் இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டாமல் ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். விரல் மூட்டு இடுக்குக்கு மேலே, தொடையெலும்பின் முண்டில் நின்றால், தசைநாரின் மேல்முனையில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. விரல் சரியாக இடுக்கின்மேல் நின்று, குந்தி எழும்போது சிக்கிக்கொள்வதும் இருந்தால், ஒட்டியே இருக்கும் என்று மேலே சொன்ன உட்பக்க மெனிஸ்கஸைப் பார்க்க வேண்டும். விரல் இடுக்குக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே நின்றால், அங்கே மூன்று தசைநாண்கள் சேருமிடத்தில் உள்ள நீர்ப்பை அழற்சியாகவே பெரும்பாலும் இருக்கும். உடல் எடை மிகுந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அது அடிபடாமலே வருவதுண்டு.